தாய்மாமன் ஆடி வரவேண்டும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு நடுவர்கள் உட்காருவார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. டிவி நடனப் போட்டியில் இருப்பவர்கள் மூன்று பேர்தான்; அவர்கள் தொண்டையைச் செருமுவதற்குள் எங்கள் வீட்டுத் தீர்ப்பு வந்துவிடும். மொரப்பூருக்குப் பக்கத்தில் தக்காளியும் மரவள்ளியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. நால்வரில் யாரும் வாழ்நாளில் ஓர் அடி ஆடியவர்கள் இல்லை. ஆனாலும் அம்மா பூண்டு உரித்தபடியே, "அந்தப் புள்ளைக்கு எக்ஸ்பிரஷன் இருக்குது, எனர்ஜிதான் எறங்கிப்போச்சு" என்பார். அப்பாவுக்கு ஒரே ஒரு குறைதான் கண்ணில் படும். "சிங்க் இல்ல." எங்கள் இரண்டு மாடுகளும் ஒரே நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு வராவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

ஊரும் இப்படித்தான் மாறியிருந்தது. முன்பெல்லாம் மாரியம்மன் பண்டிகைக்குக் கரகாட்டம் வந்தால் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். போன முறை நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "நல்லா இருந்துச்சுங்க. ஆனா இதுல கான்செப்ட் என்னங்க?" என்று கேட்டார். தலையில் குடத்தோடு நின்ற அந்த அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரகம்ங்க" என்றார்.

நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டியல் எழுதுவது, ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பது, அடியில் கையெழுத்துப் போடுவது. வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். நடனத்துக்கும் எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தத்தைத் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது. அக்கா போன் செய்யும்வரை.

அக்காவைப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கூட்டுக் குடும்பம். மாமாவும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்; இரண்டு மருமகள்களுக்கும் ஒரே அடுப்படி. மூத்த மருமகளின் பையனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் மொட்டையடித்துக் காதுகுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தட்டுத் தட்டாகப் பழம், தேங்காய், மஞ்சள், துணி, வளையல், இனிப்பு என்று சொந்தக்காரப் பெண்கள் ஏந்தி வர, மாமன் கூடவே நடந்து வருவார். நடந்துதான் வருவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால்வரை.

"ஆடிக்கிட்டு வந்தாரு பாப்பா" என்றாள் அக்கா. குரலில் அழுகை இருந்தது. "அவங்கண்ணன் தருமபுரியில மொபைல் கடை வெச்சிருக்காரில்ல, சேலத்துல இருந்து டான்ஸ் மாஸ்டரைக் கூட்டியாந்து, கடைப் பசங்க இருபத்தொரு பேருக்குச் சொல்லிக் குடுத்து, எல்லாருக்கும் கூலிங்கிளாஸ் போட்டு, தட்டை ஏந்திக்கிட்டு ஆடியே வந்தாங்க. புகையெல்லாம் போட்டாங்க. நடுவுல ரீவைண்டு ஸ்டெப்பு வேற."

"அது என்ன?"

"வீடியோவ பின்னால ஓட்டுனா எப்பிடி இருக்கும்? அந்த மாதிரி எல்லாரும் ஒண்ணா மூணு அடி பின்னால போனாங்க. மண்டபமே விசிலடிச்சுது."

அன்றிலிருந்து அடுப்படியில் அக்காவுக்கு நிம்மதி போய்விட்டது. மூத்தவள் தினமும் அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டு அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறாளாம். பார்த்துவிட்டு, "எங்கண்ணனுக்கு அன்னிக்கு இடுப்பு வலிங்க. இருந்தும் ஆடுனாரு. பாசம் இருந்தா ஆட்டம் தானா வருமுங்க" என்று மாமியாரிடம் சொல்கிறாளாம். பிறகு அக்காவிடம் திரும்பி ஒரு கேள்வி: "உங்கண்ணன் எப்பிடி சாமி, நடந்தே வந்துருவாரா?"

அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. சீர் கொண்டுபோக வேண்டியவர் எங்கள் அண்ணன்.

"அண்ணன் நடந்து வந்தா, நான் அந்த அடுப்படியில நிக்கவே முடியாது பாப்பா" என்றாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "நடந்து போனா சீரு போய்ச் சேராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடுப்படியில் நிற்கப்போவது அவர் இல்லை. அம்மா போனை வாங்கி அக்காவிடம் பேசினார், கண்ணைத் துடைத்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீதான் இஞ்சினியரு. சொல்லிக் குடு" என்றார்.

எந்த வேலையையும் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துவிட்டால் யாராலும் செய்ய முடியும் என்பது நான் படித்த பாடம். அன்று ராத்திரியே பட்டியல் போட்டேன். மண்டப வாசலிலிருந்து மேடை வரை இருபத்திரண்டு மீட்டர். பாட்டு மூன்றரை நிமிடம். ஆட்கள் பதினெட்டு: தட்டு ஏந்தப் பங்காளி வீட்டுப் பெண்கள் பதினேழு பேர், கடைசியில் அண்ணன். எல்லாரும் ஒரே மாதிரி இரண்டு அடி முன்னால் வைப்பது, ஓர் அடி பின்னால் வைப்பது. பாட்டு முடியும்போது முதல் வரிசை சரியாக மேடைப்படியில் நிற்கும். அந்தப் பின்னடி, மூத்தவள் வீட்டு ரீவைண்டு ஸ்டெப்பை எங்கள் வசதிக்குச் சுருக்கியது. அவர்களுக்கு மூன்று அடி. எங்களுக்கு ஒன்று போதும், ஆனால் திரும்பத் திரும்ப. கணக்கு அழகாக உட்கார்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அண்ணனுக்கு மட்டும் தட்டு கிடையாது. டிவியில் கதாநாயகன் வெறுங்கையோடுதான் கடைசியில் வருவான் என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. ஆடும்போது அவர் கையில் எதைக் கொடுத்தாலும் ஆபத்து.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோளில் முப்பது கிலோ தக்காளிப் பெட்டியோடு ஒரு சாண் அகல வரப்பில் ஓடுவார். ஒரு பழம் கீழே விழாது. அதே மனிதரிடம் "பாட்டுக்கு ஏத்த மாதிரி வலது கையத் தூக்குங்கண்ணா" என்றால் இடது கால் எழும். முதல் சனி, ஞாயிறு முழுக்க இதுவே நடந்தது. இரண்டாவது வாரம் அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். கை அசைவுகளுக்கு அவருக்குத் தெரிந்த தோட்ட வேலைகளின் பெயராக வைத்தார். ஒன்று, மருந்தடி: வலது கை நீட்டிப் பக்கவாட்டில் வீசுவது. இரண்டு, தக்காளி பறி: குனிந்து இரண்டு கையாலும் எடுப்பது. மூன்று, பைப்பு மாத்து: உடம்பைத் திருப்பி ஒரு இழுப்பு. அதற்குப் பிறகு அண்ணி ஓரமாக நின்று, "மருந்தடிங்க, மருந்தடிங்க, இப்ப பைப்பு மாத்துங்க" என்று சொல்லச் சொல்ல அண்ணன் ஆடினார். ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தவறு இல்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சிங்க் இல்ல" என்றார்.

"ஒரு ஆளுதானப்பா ஆடுது. யாரோட சிங்க் ஆவணும்?"

"அவனுக்கே அவன் சிங்க் இல்லம்மா."

இதற்கிடையில் அக்கா இன்னொரு கோரிக்கை வைத்தாள். மூத்தவள் வீட்டு விழாவில் ஆட்டத்துக்கு முன்னால் பெரிய திரையில், அவள் அண்ணன் கஷ்டப்பட்டு முன்னேறிய கதையை வீடியோவாகப் போட்டார்களாம். டிவியிலும் அப்படித்தானே, அழுகை வராமல் யாரும் ஆட வருவதில்லை. அதனால் நாங்களும் ஒன்று போட வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, நீங்க பட்ட கஷ்டமெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

ரொம்ப நேரம் யோசித்தார். "சின்ன வயசுல தேள் கடிச்சுது."

"அப்பறம்?"

"அப்பறம் வலிச்சுது."

"வெல இல்லாம தக்காளிய ரோட்டுல கொட்டுனோமே?"

"அது ஊரே கொட்டுச்சு. நான் மட்டும் கொட்டுன மாதிரி வீடியோ போட்டா நாலு பேரு சிரிப்பாங்க." எழுந்துவிட்டார். வாசலில் நின்று, கொஞ்சம் வருத்தத்தோடு, "இப்ப இந்த டான்ஸ்தான் பாப்பா கஷ்டம்" என்றார். வீடியோ யோசனையைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

பெண்களுக்கான ஒத்திகை, மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் களத்தில் நடந்தது. பெரியம்மா முதல் வரிசை. சித்திமார்கள், அண்ணிமார்கள் எல்லாரும் வந்தார்கள். எவர்சில்வர் தட்டுகளை வெறுமனே ஏந்திக்கொண்டார்கள். தேங்காயும் பழமும் முதல் நாள்தான் வாங்குவது வழக்கம்; தவிர மூன்று வாரம் யார் பாரம் சுமப்பது? இரண்டு அடி முன்னால், ஓர் அடி பின்னால். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. டிவி பார்த்து அவர்களுக்குக் கண் பழகியிருந்தது. பெரியம்மா பக்கத்தில் வருகிறவளை, "ஏய், லைனு கோணுது பாரு, ஃபார்மேஷன் போச்சு" என்று அதட்டினார். கடைசி ஞாயிறு எல்லாம் கச்சிதம். நேரத்தை அளந்தேன்: மூன்றரை நிமிடம், இருபத்திரண்டு மீட்டர். பட்டியலின் அடியில், பழக்கதோஷத்தில், கையெழுத்தும் போட்டேன்.

விழா நாள். காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, பிறகு மண்டபம். மேடையில் அக்கா, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டடி தள்ளி மூத்தவள், பட்டுப்புடவையில், ஒரு நடுவருக்குரிய முகத்தோடு. கீழே நாற்காலிகளில் முந்நூறு பேர், கையைக் கட்டிக்கொண்டு. அக்காவுக்கும் மூத்தவளுக்கும் ஒரே புகுந்த வீடு என்பதால் எல்லாரும் போன விழாவைப் பார்த்தவர்கள். ஒப்பிடத் தயாராக வந்திருந்தார்கள். டிவிக்காரர் மாதிரியே பேசுகிற ஒரு தொகுப்பாளரும் உண்டு. "ஆர் யூ ரெடி?" என்றார் அவர். மூன்றாவது முறை கேட்டபோது பந்திப் பக்கமிருந்து யாரோ, "இலை போட இன்னும் அரை மணி நேரம் ஆவுமுங்க" என்றார்கள்.

நான் சவுண்டு சர்வீஸ்காரர் பக்கத்தில் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. வாசலில் தட்டுகள் தெரிந்தன. வாழைப்பழச் சீப்பு, தேங்காய், மஞ்சள், நடுவில் குங்குமச் சிமிழ். இரண்டு அடி முன்னால் வைத்தார்கள். நான் மனதுக்குள் "பின்னால" என்றேன்.

யாரும் பின்னால் போகவில்லை.

பதினேழு பெண்களும் ஒரு நொடி நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு அடுத்த இரண்டு அடி முன்னால். மறுபடி நின்றார்கள். மறுபடி முன்னால். அப்படியோர் ஒற்றுமை களத்தில்கூட வந்ததில்லை. கூட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இந்த முறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அண்ணன் ஒருவர்தான் பட்டியலை மதித்தார். இரண்டு முன்னால், ஒன்று பின்னால், மருந்தடி. இரண்டு முன்னால், ஒன்று பின்னால், தக்காளி பறி. தட்டுகள் விலகி விலகிப் போயின. பாட்டு சரியாகப் பாதியில் இருக்கும்போது பதினேழு தட்டுகளும் மேடையில் இறங்கிவிட்டன. இருபத்திரண்டு மீட்டர் பாதையின் நடுவில் அண்ணன் மட்டும், முந்நூறு பேருக்கு நடுவே, வாய்விட்டு எண்ணியபடி ஆடிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, பின்னால. ஒண்ணு, ரெண்டு, பின்னால."

"சோலோ! சோலோ!" என்று கத்தினார் தொகுப்பாளர்.

அண்ணி மேடையருகே தட்டை வைத்துவிட்டு, "பைப்பு மாத்துங்க, பைப்பு மாத்துங்க" என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. மூத்தவளின் உதட்டோரம் லேசாக விரிந்தது.

தொகுப்பாளர் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கோடு பெரியம்மாவிடம் போனார். "அம்மா, சூப்பர் பர்ஃபார்மன்ஸ். ஆனா மாமன் மட்டும் பின்னால பின்னால போறாரு, நீங்கல்லாம் போவலையே. இதுல கான்செப்ட் என்ன?"

பெரியம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "சீரு ஏந்திக்கிட்டு எவளாச்சும் பின்னால போவாளா?" என்றார்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதைப் பந்தி வரைக்கும் கொண்டுபோனது.

நான் ஓடிப்போய், "பெரியம்மா, களத்துல போனீங்களே!" என்றேன். அதுவும் மைக்கில் கேட்டது.

"அது வெறுந்தட்டு கண்ணு. இதுல மஞ்சளு தேங்கா எல்லாம் இருக்குது. குடுக்க வந்த சீரு திரும்பிப் போலாமா? அந்தப் புள்ளைக்கு ஆவுமா?"

பாரம் இல்லாமல் சோதித்துவிட்டு எந்தப் பொருளுக்கும் கையெழுத்துப் போடக்கூடாது என்று நானே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள். வெறுந்தட்டு வேறு, சீர்த்தட்டு வேறு என்பது அந்தப் பதினேழு பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமாக அது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் என் தவறைப் பற்றி அங்கே யாரும் யோசிக்கவில்லை. முந்நூறு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இருபத்தொரு தட்டுகள், மூன்று மூன்று அடியாக, விசில் சத்தத்தோடு பின்னால் போயின. புகையிலும் சத்தத்திலும் அன்றைக்கு யாருக்கும் சீரின் ஞாபகம் வந்திருக்காது. ஏந்தி வந்தவர்களும் கடைப் பசங்க; சீரின் முறை அறியாதவர்கள். பின்வரிசையில் யாரோ, "அப்ப போன தடவ..." என்று இழுத்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பின. அக்காவின் மாமியார் திரும்பி மூத்த மருமகளைப் பார்த்தார்.

மூத்தவளின் முகம் ஒரு கணத்தில் நடுவருடையது அல்லாமல் போனது. "எங்கண்ணன் ஆசையாத்தானுங்க செஞ்சாரு" என்றாள். "தெரிஞ்சா செய்வாருங்களா?" கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

அக்கா மூன்று மாதமாக வேண்டியது இதுதான். தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி கிடைத்துவிட்டது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சவுண்டு சர்வீஸ்காரரின் விரல் போய் ஒரு பொத்தானில் விழுந்தது. டிவியில் யாராவது அழுதால் வருமே, அந்த வயலின். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பல வருடமாக விழாக்களில் உட்கார்ந்திருப்பவர். கண்ணீரைப் பார்த்தால் விரல் தானாகப் போகிறது.

வயலின் மண்டபம் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை எடுத்தார். அவருக்கு அடுத்தவரும் எடுத்தார். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அந்தச் சத்தம் வந்தால் அழவேண்டும், அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் அழுதார். தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அந்த இரண்டடியைக் கடந்து மூத்தவளின் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்கக்கா. உங்கண்ணன் ஆடுனது நல்லாத்தான் இருந்துச்சு. எங்கண்ணனப் பாருங்க."

எல்லாரும் பார்த்தோம். பாதையின் நடுவில் அண்ணன், வலது கையை நீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தார். மருந்தடிக்கு நடுவில் பாட்டு நின்றிருந்தது. மறுபடி வரும் என்று காத்திருக்கிறார். வயலின் வந்ததும் அதற்கு எத்தனை எண்ணுவது என்று தெரியாமல் என்னையே பார்த்தார்.

மூத்தவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். மண்டபம் சிரித்தது. "போதும்ண்ணா, நடந்தே வாங்க" என்றேன். அண்ணன் கையை இறக்கிவிட்டு, நடந்து, எந்தப் பிழையும் இல்லாமல் மேடை ஏறி, அக்காவின் மகளை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி காது குத்தினார். பிள்ளை அலறியது. வயலின் மறுபடி வந்தது. இந்த முறை அப்பாவே எழுந்துபோய் அதை நிறுத்தச் சொன்னார்.

பந்தியில் அண்ணனுக்கு மூத்தவளே ரசம் ஊற்றினாள். "தம்பி, உங்களுக்கு ஆட்டம் வராதுங்க. வருத்தப்படாதீங்க" என்றாள். அண்ணன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூத்தவளின் அண்ணன் பிறகு ஒரு நாள் ஐந்து தட்டோடு வந்து, பின்னால் போன சீருக்குப் பரிகாரமாக மாமியார் சொன்னபடி, நேராக நடந்து உள்ளே வைத்துவிட்டுப் போனாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று மேடையில் மூத்தவளின் கையைப் பிடித்ததில் எவ்வளவு அக்காவுடையது, எவ்வளவு வயலினுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவைக் கேட்டால், "நீ எல்லாத்தையும் பிரிச்சு எழுதாத" என்கிறாள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து, மாமன் டிராக்டரில் ஆடிக்கொண்டே வந்தாராம், வீடியோ அனுப்பியிருக்கிறாளாம், பார்த்தாயா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மூத்தவளின் குரல் கேட்டது. தாளிக்கிற சத்தமும் கூடவே கேட்டது.

"என்னக்கா ஆட்டம் அது, டிராக்டரு ஆடுது, ஆளு ஆடல" என்றாள் அக்கா அவளிடம்.

"நானு பத்துக்கு நாலு போடுறேன்" என்றாள் மூத்தவள். "நீயி?"

"நாலெல்லாம் அதிகங்க்கா" என்றாள் அக்கா.